டார்ட்மூர் வனத்தின் எல்லைக் கற்களைத் தேடுவோருக்கு ஓஎல்28 வரைபடம்: ஒரு மதிப்புரை

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தின் நடுவே உயர்ந்து கிடக்கும் டார்ட்மூர் மேட்டுநிலத்துக்காக, பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்டினன்ஸ் சர்வே நிறுவனம் வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசை வரைபடத்தின் எண் ஓஎல்28. நடைப்பயணத்துக்கும் மிதிவண்டிப் பாதைக்கும் குடும்பத்தோடு ஒரு பகல் சுற்றிவருவதற்கும் அது எப்படிப் பயன்படும் என்று பலரும் எழுதிவிட்டார்கள். நான் இங்கே அதை ஒரே ஒரு வேலைக்கு வைத்து எடைபோடுகிறேன். அந்த மேட்டுநிலத்தின் மையத்தில் இருந்த பழைய அரச வனத்தின் எல்லை எது என்று காட்டும் கற்களையும் சிலுவைகளையும் பாறைகளையும் தேடிப் போகிறவருக்கு இந்தத் தாள் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதே கேள்வி. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு இதைவிட நல்ல அச்சு வரைபடம் கடையில் கிடைக்காது. ஆனால் எல்லை எங்கே போகிறது என்பதை அது வெளிப்படையாகச் சொல்வதில்லை, ஒளித்து வைத்திருக்கிறது. ஒளித்து வைத்த இடம் தெரிந்தவருக்குத்தான் கொடுத்த காசு முழுதாகச் செரிக்கும்.

வரைபடத்துக்குள் போகுமுன் அந்த வனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது மரங்கள் அடர்ந்த காடு அல்ல. பெரும்பகுதி புல்லும் புதரும் சதுப்பும் கிரானைட் பாறைக் குவியல்களுமாக வெட்டவெளியாகக் கிடக்கிறது. டூ பிரிட்ஜஸ் அருகிலுள்ள விஸ்ட்மன்ஸ் வுட் போல, குட்டையாக முறுக்கிக்கொண்டு வளர்ந்த ஓக் மரத் தோப்பு எங்கோ ஒன்றுதான் தென்படும். மன்னரின் வேட்டைக்காகத் தனிச்சட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்ட நிலம் என்ற பொருளில்தான் அது வனம். 1204-இல் ஜான் மன்னர் டெவன் மாவட்டம் முழுவதையும் அந்தச் சட்டத்திலிருந்து விடுவித்தபோது டார்ட்மூர், எக்ஸ்மூர் ஆகிய இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். 1239-இல் மூன்றாம் ஹென்றி டார்ட்மூரைத் தன் தம்பியும் கார்ன்வால் பிரபுவுமான ரிச்சர்டுக்குக் கொடுத்தார். புதிய உரிமையாளர் வந்ததும், எப்போதும் நடப்பதுபோல, சுற்றிலும் நிலம் வைத்திருந்தவர்களோடு எல்லைத் தகராறு கிளம்பியது. மன்னரின் ஆணைப்படி 1240-இல் டெவன் மாவட்ட அதிகாரியும் 12 வீரப் பெருமக்களும் எல்லையை நடந்து பார்த்து, எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு அது போகிறது என்று எழுதிவைத்தார்கள். அந்த ஆவணத்தின் வாசகம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. 1337 முதல் அந்த நிலம், பட்டத்து இளவரசருக்கான பரம்பரைச் சொத்தான கார்ன்வால் டச்சியின் உடைமை, இன்றைக்கும் அப்படியே.

1240-ஆம் ஆண்டின் ஆவணத்தில் கோணமும் இல்லை, தூரமும் இல்லை, பெயர்கள் மட்டுமே இருக்கின்றன. காஸ்டன் குன்றில் தொடங்கி, சிறிய ஹவுண்ட் டோர் (டோர் என்பது உச்சியில் பாறைக் குவியல் உள்ள குன்று), அங்கிருந்து தர்ல்ஸ்டன் பாறை, பின்னர் அரசரின் அடுப்பு, வால்புரூக் ஓடையின் தலை, டார்ட் ஆற்றின் இரு கிளைகள் சேரும் இடம், ஈல்ஸ்பாரோ, சிவார்டின் சிலுவை, மிஸ் டோர் என்று வலம் சுற்றிக்கொண்டு போய்த் தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. பிடி சூழ்ந்து, கல்லும் கள்ளியும் நாட்டி, கீழெல்லை மேலெல்லை என்று ஒவ்வொரு வாய்க்காலையும் வரப்பையும் பெயர் சொல்லிப் போகும் சோழர் செப்பேட்டு வரிகளைப் படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்த நடை அந்நியமாகத் தோன்றாது. ஒரு வேறுபாடு உண்டு. டார்ட்மூரில் அன்றைக்குப் புதிதாகக் கல் நாட்டியதாக ஆவணம் சொல்லவில்லை. ஏற்கெனவே நின்ற சிலுவை, ஏற்கெனவே கிடந்த கற்குவியல், ஓடை சேருமிடம், குன்றின் உச்சி ஆகியவற்றையே எல்லைக் குறிகளாக ஏற்றுக்கொண்டார்கள். எழுத்து வெட்டிய கற்கள் பெரும்பாலும் பின்னாளில், பக்கத்து ஊர்களும் டச்சியும் தத்தம் பங்கை உறுதிப்படுத்திக்கொள்ள நட்டவை அல்லது பழைய கல்லிலேயே எழுத்தைச் சேர்த்தவை.

ஆகவே இந்த எல்லையைத் தேடுகிறவருக்கு முதலில் தேவைப்படுவது பெயர்கள். ஓஎல்28-இன் மிகப் பெரிய பலம் அங்கேதான் இருக்கிறது. அளவு 1:25,000, அதாவது தாளில் 4 சென்டிமீட்டர் நிலத்தில் ஒரு கிலோமீட்டர். இந்த அளவில் ஒவ்வொரு சிற்றோடையின் பெயரையும், ஒவ்வொரு பாறைக் குவியலின் பெயரையும், ஓடை ஆற்றில் கலக்கும் மூலையின் பெயரையும் அச்சிட இடம் இருக்கிறது, அச்சிட்டும் இருக்கிறார்கள். தொல்லெச்சங்களின் பெயர்களைப் பழைய பாணி எழுத்துருவில் தனியாகக் காட்டுவதால் சிலுவை, கற்குவியல், நடுகல் ஆகியவை கண்ணுக்கு உடனே படுகின்றன. 1:40,000 அளவில் வரும் வேறு மலைநடை வரைபடங்கள் கையாள எளிதாகவும் மழைக்கு உறுதியாகவும் இருக்கின்றன என்பது உண்மைதான். ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்கு வழி பார்க்க அவை போதும். முழங்கால் உயரமே உள்ள ஒரு கல்லைப் புதருக்குள் தேட அந்த அளவு போதாது.

எல்லை ஒளிந்திருக்கும் இடத்துக்கு வருகிறேன். டார்ட்மூர் வனம் முழுவதும் பல நூற்றாண்டுகள் லிட்ஃபோர்டு என்ற ஒரே ஊரின் திருச்சபை வட்டத்தில் இருந்தது. வனத்துக்குள் குடியிருந்தவர்கள் ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் மேட்டுநிலத்தைக் கடந்து மேற்கே லிட்ஃபோர்டு போக வேண்டியிருந்தது. தூரம் தாங்காமல் அவர்கள் முறையிட்டதன் பேரில், 1260-இல் எக்ஸிட்டர் ஆயர், பாபெனி, பிஸ்வெல் என்ற இரு சிற்றூர்க்காரர்கள் மட்டும் அருகிலிருந்த வைட்கம் தேவாலயத்துக்குப் போகலாம் என்று அனுமதித்தார். லிட்ஃபோர்டுக்குச் சவ ஊர்வலம் போன பழைய பாதை லிச் வே என்ற பெயரில் இந்த வரைபடத்தில் இன்றும் இருக்கிறது. திருச்சபை வட்டம் காலப்போக்கில் ஊராட்சியாயிற்று; 1987-இல் வனப்பகுதி மட்டும் லிட்ஃபோர்டிலிருந்து பிரிந்து டார்ட்மூர் ஃபாரஸ்ட் என்ற தனி ஊராட்சியானது. ஆர்டினன்ஸ் சர்வே தன் எக்ஸ்ப்ளோரர் வரைபடங்களில் ஊராட்சி எல்லைகளைச் சிறு கரும்புள்ளிகளின் வரிசையாகக் காட்டுகிறது. டார்ட்மூர் ஃபாரஸ்ட் ஊராட்சியைச் சுற்றிப் போகும் அந்தப் புள்ளி வரிசைதான், பெரும்பாலான இடங்களில், பழைய அரச வனத்தின் எல்லை. குறியீட்டு விளக்கத்தில் அதற்கு ஊராட்சி எல்லை என்ற பெயர் மட்டுமே உண்டு. ஆகவே வாங்கியவுடன் பென்சிலை எடுத்துக்கொண்டு அந்தப் புள்ளிகளின் மேல் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிடுங்கள் என்பதே என் முதல் பரிந்துரை. அந்தக் கோடு இல்லாமல் வெளியில் போனால், பழுப்புநிறச் சமவுயரக் கோடுகளுக்கும் நீலநிற ஓடைகளுக்கும் இடையில் அந்தப் புள்ளிகள் கரைந்துபோகும். ஆற்றோரமாகவோ பாதையோரமாகவோ போகும்போது அவற்றைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இந்த முறை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று பார்க்க விரும்புகிறவர், பிரின்ஸ்டவுன் ஊரிலிருந்து தென்கிழக்கே போகும் அகலமான பாதையைத் தேர்ந்தெடுக்கலாம். ஊருக்குப் பின்னால் வடமேற்கில், 517 மீட்டர் உயரமுள்ள வடக்கு ஹெஸரி டோரின் மேல், 196 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம் நிற்கிறது. மூடுபனி இல்லாத நாளில் அது ஒன்றே போதும், திசை தவற வழியில்லை. எல்லைக் கோடு அந்தக் குன்றிலிருந்து ஊரை ஒட்டி இறங்கி, தெற்கு ஹெஸரி டோர் என்ற சிறிய பாறைக் குவியலுக்கு ஏறுகிறது. அங்கே உச்சிப் பாறையில் ஓர் இரும்புக் கம்பி பதித்திருக்கிறார்கள். எல்லை நடப்பவர்கள் கைவைத்துப் பார்த்துவிட்டுப் போக வேண்டிய குறி அது. அங்கிருந்து பாதை முதுகு போன்ற நீண்ட மேட்டின் மேல் நேராகப் போகிறது. ஓரத்தில் இடைவெளி விட்டு விட்டுக் கற்கள் நிற்கின்றன. மேடு சரியத் தொடங்கும் இடத்தில், ஆளில்லாத பண்ணை வீடு ஒன்றின் பக்கத்தில், வரைபடம் சொன்ன இடத்திலேயே, சிலுவை நிற்கிறது.

நன்ஸ் கிராஸ் என்று இன்று அழைக்கப்படும் இதுதான் 1240 ஆவணம் சிவார்டின் சிலுவை என்று குறிப்பிடுவது. டார்ட்மூரின் சிலுவைகளில் எழுத்துச் சான்றில் முதலில் தலைகாட்டுவது இதுவே. ஏறத்தாழ 2.2 மீட்டர் உயரம். கைகள் குட்டையாக, தடித்து, மரத்தில் செதுக்கிய பொம்மையின் கைகள் போல் இருக்கின்றன. சாம்பல்நிறக் கிரானைட்டின் மேல் வெள்ளையும் இளம்பச்சையுமாகக் கற்பாசி திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்கிறது. விரலால் தடவினால் மணிமணியான படிகங்கள் உறுத்துகின்றன. தண்டின் நடுவே ஒரு விரிசல் குறுக்கே ஓடுவதையும் அதை இரும்புக் கவ்விகள் இழுத்துப் பிடித்திருப்பதையும் கிட்டத்தில் போனால் பார்க்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிலுவை தள்ளிவிடப்பட்டு இரண்டாக உடைந்தது. சில ஆண்டுகளில் பிரின்ஸ்டவுன் கல்தச்சர் ஒருவர் அதைச் சேர்த்து நிறுத்தினார். கிழக்கு முகத்தில் சிவார்ட் என்ற பெயரும், மேற்கு முகத்தில் பக்லண்ட் மடத்து நிலத்தைக் குறிக்கும் எழுத்துகளும் வெட்டப்பட்டிருக்கின்றன. 1278-இல் நிறுவப்பட்ட அந்த மடத்தின் நிலங்களுக்கு 1280-ஆம் ஆண்டுச் சாசனமும் இதே சிலுவையை எல்லையாகச் சொல்கிறது. எழுத்துகள் மிகவும் தேய்ந்தவை. நண்பகல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. சாய்வெயில் பக்கவாட்டில் விழும் காலையில் கிழக்கு முகமும் மாலையில் மேற்கு முகமும் ஓரளவு தெளிகின்றன. அரசரின் வனம் ஒரு பக்கம், மடத்தின் நிலம் மறுபக்கம், நடுவில் ஒரு கல் இரண்டுக்கும் பொதுச் சாட்சியாக நிற்கும் இந்த ஏற்பாட்டை நேரில் பார்க்கும்போதுதான், ஊராட்சிப் புள்ளிகளுக்குப் பின்னால் எவ்வளவு பழைய வழக்கு இருக்கிறது என்பது உறைக்கிறது.

இந்தப் பாதையிலேயே வரைபடத்தின் மிகப் பெரிய பலவீனமும் வெளிப்படுகிறது. அது எல்லைக் கற்களை பிஎஸ் என்ற இரண்டெழுத்துச் சுருக்கத்தால் மட்டும் குறிக்கிறது. யாருடைய கல், எதற்கான எல்லை, கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்ற விவரம் எதுவும் இல்லை. இந்த மேட்டின் மேற்குச் சரிவில் விழும் மழைநீர் பர்ரேட்டர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 1898-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த நீர்த்தேக்கத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் குறிக்க, பிளிமத் மாநகராட்சி 1917-இல் சுற்றிலும் கற்களை நட்டது. அவற்றில் மாநகராட்சியின் நீர் வழங்கல் துறையைக் குறிக்கும் பிசிடபிள்யூடபிள்யூ என்ற ஆங்கில எழுத்துகளும் 1917 என்ற ஆண்டும் ஆழமாக, கூர்மையாக வெட்டப்பட்டிருக்கின்றன. நீர் பிரியும் மேடும் வன எல்லையும் இங்கே கிட்டத்தட்ட ஒரே கோட்டில் போவதால், புதிதாக வருகிறவர் இந்தத் தண்ணீர்க் கற்களையே வனத்தின் கற்கள் என்று எண்ணிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது மிக எளிது. ஒரு பொது விதி சொல்லலாம்: எழுத்து எவ்வளவு தெளிவோ அவ்வளவு சந்தேகப்படுங்கள். வடக்கே பீரங்கிப் பயிற்சிப் பகுதிகளைச் சுற்றி டபிள்யூடி என்ற எழுத்தோடு இராணுவத் துறையின் கற்கள் வேறு நிற்கின்றன. மேற்கே லிட்ஃபோர்டு பக்கத்தில் குழப்பம் வேடிக்கையாகவே மாறுகிறது: அங்குள்ள சில கற்களின் ஒரு முகத்தில் லிட்ஃபோர்டுக்கான எல் என்ற எழுத்தும், மறுமுகத்தில் பிரைட்ஸ்டோ, சோர்ட்டன் ஆகிய இரண்டு ஊர்களின் முதலெழுத்துகளான பிஎஸ் என்பதும் இருக்கின்றன. வரைபடத்தில் பிஎஸ் என்று பார்த்துப் போய்க் கல்லிலும் பிஎஸ் என்று பார்க்கிறவர், கல்லே தன்னை எல்லைக் கல் என்று அறிவித்துக்கொள்வதாக நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

வடகிழக்கே ஷவல் டவுன் என்ற சரிவில் நிற்கும் லாங்ஸ்டோன் இந்தத் தேடலின் உச்சம் என்பேன். இது வன எல்லைக்காக நட்ட கல்லே அல்ல. வெண்கலக் காலத்தில், இணையிணையாக ஓடும் சிறு கல்வரிசைகளோடு சேர்த்து நிறுத்தப்பட்ட நெடுங்கல். மூன்று மீட்டருக்குச் சற்று மேல் உயரம். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்தவர்கள், இவ்வளவு தொலைவிலிருந்து தெரியும் ஒரு கல் ஏற்கெனவே நிற்கும்போது புதிதாக ஒன்றை எதற்கு நட வேண்டும் என்று முடிவுசெய்து, அதையே மூன்று நிலங்கள் சந்திக்கும் முனையாக்கிவிட்டார்கள். ஒரு முகத்தில் கார்ன்வால் டச்சிக்காக டிசி, இன்னொன்றில் கிட்லி ஊராட்சிக்காக ஜிபி, மற்றொன்றில் சாக்ஃபோர்டுக்காக சி. எழுத்துகள் பெரியவை, நிதானமாக வெட்டியவை. கல்லைச் சுற்றி நடந்தால் நாலைந்து அடியில் மூன்று ஊராட்சிகளில் கால் வைத்துவிடலாம். வரைபடத்தில் மூன்று புள்ளி வரிசைகள் ஒரே புள்ளியில் வந்து சேர்வதையும், அங்கே பழைய பாணி எழுத்தில் கல்லின் பெயர் இருப்பதையும் பார்க்கும்போது, தாளும் தரையும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தும் இடம் இந்த முழுச் சுற்றிலும் வேறில்லை என்று தோன்றுகிறது. அருகிலேயே பெரிய பாறைக் குவியலான கெஸ் டோர் இருப்பதால் வழியும் எளிது. ஒரே ஒரு எல்லைக் கல்லைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், சிலுவையை விட்டுவிட்டு இதைப் பாருங்கள்.

கிழக்குப் பக்கத்தை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அங்கே எல்லை பெரும்பாலும் தண்ணீர். வால்புரூக் ஓடை வழியாக இறங்கி, கிழக்கு டார்ட் ஆற்றைப் பிடித்து, டார்ட்மீட் என்ற கூடலில் திரும்பி, மேற்கு டார்ட் வழியாக மேலேறி, ஓ புரூக் என்ற சிற்றோடையில் நுழைகிறது. ஓடைகளுக்குக் கல் தேவையில்லை. வால்புரூக்கின் தலைக்குச் சற்று வடக்கே, வாரன் ஹவுஸ் இன் என்ற விடுதிக்கு மேலே இருக்கும் அரசரின் அடுப்பு, வெள்ளீயம் உருக்கிய பழைய இடம் என்று கருதப்படுகிறது. இப்போது சிதறிய கற்களைத் தவிரப் பார்க்க அதிகம் இல்லை. 434 மீட்டர் உயரத்தில் இருக்கும் விடுதியின் கணப்பில் 1845 முதல் நெருப்பு அணைந்ததில்லை என்று சொல்வார்கள். சரியோ தவறோ, மழையில் நனைந்து வருகிறவருக்கு அந்த நெருப்பு போதும். விடுதிக்குக் கிழக்கே சாலையோரம் கோணலாக நிற்கும் பென்னட்ஸ் கிராஸ் பலரை ஏமாற்றும். அதில் வெட்டியிருக்கும் டபிள்யூபி என்ற எழுத்துகள் முயல் பண்ணை ஒன்றின் எல்லையைச் சொல்பவை. வனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வரைபடத்தில் புள்ளி வரிசையைச் சரியாகப் பின்பற்றுகிறவர் இதில் ஏமாறமாட்டார், ஏனென்றால் பென்சில் கோடு அந்தச் சிலுவையைத் தொடுவதில்லை.

மேற்கே கிரேட் மிஸ் டோர் வேறு வகையான குறி. 538 மீட்டர் உயரமுள்ள அந்தக் குன்றின் உச்சிப் பாறைகள் ஒன்றில், காற்றும் மழையும் அரித்து உருவாக்கிய வட்டமான குழி ஒன்று, ஏறத்தாழ மூன்றடி அகலத்தில், மிஸ்டோர் பேன் என்ற பெயரோடு இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எல்லையை மறுபடி பதிவு செய்தபோது குன்றை மட்டும் சொல்லாமல் இந்தக் குழியையே பெயர் சொல்லிக் குறித்தார்கள். யாரும் தூக்கிக்கொண்டு போகவோ உடைத்து வீட்டுக்கு வைத்துக் கட்டவோ முடியாத எல்லைக் குறி என்று பார்த்தால் இதற்கு இணையில்லை. தெற்கே மேற்கு வெள்ளைக் கற்குவியலின் மேலிருக்கும் பீட்டர்ஸ் கிராஸ் இன்று கைகள் போய் வெறும் தண்டாக நிற்பதைப் பார்க்கிறவருக்கு நான் சொல்வது புரியும்.

மிஸ் டோருக்குப் போகுமுன் வரைபடத்தில் சிவப்பு எழுத்தைக் கவனியுங்கள். வட டார்ட்மூரில் ஓக்ஹாம்டன், வில்ஸ்வொர்தி, மெரிவேல் என்று மூன்று இராணுவச் சுடுதளங்கள் இருக்கின்றன. வனத்தின் வடமேற்கு எல்லை இவற்றுக்குள் புகுந்துதான் போகிறது. வரைபடம் அபாயப் பகுதியின் ஓரங்களைத் தெளிவாகக் காட்டுகிறது, ஆனால் எந்த நாளில் சுடுகிறார்கள் என்பதை எந்தத் தாளும் சொல்ல முடியாது. அரசு இணையதளத்தில் முன்கூட்டியே வெளியிடும் கால அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பகலில் சிவப்புக் கொடியும் இரவில் சிவப்பு விளக்கும் ஏற்றியிருந்தால் உள்ளே போகக் கூடாது. கீழே கிடக்கும் உலோகப் பொருள் எதையும் தொடவும் கூடாது.

புள்ளி வரிசையை 1240-ஆம் ஆண்டின் எல்லையாக அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய பட்டியலில் வரும் ஓடைப் பெயர்கள் சிலவற்றை இன்று எந்த ஓடையோடு பொருத்துவது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து ஒற்றுமை இல்லை. குறிப்பாக வடகிழக்கே கிட்லி, சாக்ஃபோர்டு பக்கத்தில் டச்சி எங்கே முடிகிறது, ஊர்ப் பொதுநிலம் எங்கே தொடங்குகிறது என்பது நீண்டகாலம் தகராறுக்குரியதாகவே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் நில அளவையாளர்கள் வந்து, அன்றைக்கு ஊரார் காட்டிய எல்லையைத் தாளில் ஏற்றினார்கள். ஒரு முறை தாளில் ஏறிய கோட்டுக்குத் தனி அதிகாரம் வந்துவிடுகிறது. அதற்காக வரைபடத்தைக் குறைசொல்வது நியாயமல்ல, இன்றைய நிருவாக எல்லையைக் காட்டுவதுதான் அதன் வேலை. நாம் அதை வேறு வேலைக்கு இரவல் வாங்குகிறோம்.

இனி பொருளாக அது எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். தாள் மிகப் பெரியது. ஒரு பக்கம் வடக்கு, மறுபக்கம் தெற்கு. ஒரு பகுதியில் நடப்பவருக்கு இது பிரச்சினையில்லை. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வரும் முழு எல்லையையும் சுற்ற நினைப்பவர் பாதி வழியில், பெரும்பாலும் காற்றடிக்கும் ஏதாவது ஒரு மேட்டின் மேல், தாளை விரித்துத் திருப்பி மடிக்க வேண்டியிருக்கும். இருவர் பிடித்தால் முடியும், தனியாளுக்குச் சிரமம். பிளாஸ்டிக் பூச்சுள்ள வகை விலை கூடுதல், புதிதில் மடிப்பு விறைப்பு, முதுகுப் பையின் பக்கப் பைக்குள் நுழையாத தடிமன்; ஆனாலும் டார்ட்மூர் மழைக்கு அதுதான் ஏற்றது. அதில் பென்சில் ஒட்டாது என்பதால் எல்லைக் கோட்டை அழியா மை கொண்டு வரைய வேண்டும். வெறும் காகித வகை வாங்குகிறவர் ஒளிபுகும் உறை ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வது நல்லது.

வரைபடத்தோடு வரும் இரகசிய எண்ணைச் சுரண்டி எடுத்தால் அதே வரைபடத்தைக் கைபேசிச் செயலியிலும் இறக்கிக்கொள்ளலாம். நாம் நிற்கும் இடத்தை அம்புக்குறி காட்டுவதால், கல்லுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்று தெரிவது பெரிய வசதி. ஆனால் திரையில் பெரிதாக்கினால் கூடுதல் விவரம் ஒன்றும் வருவதில்லை. அச்சுத் தாளின் படமே உப்பிக்கொண்டு தெரிகிறது. மேட்டுநிலத்தின் நடுவில் கைபேசித் தொடர்பு கிடைக்கும் என்று நம்ப முடியாது, ஆகவே வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும். கைபேசியை மட்டும் நம்பி, தாளும் திசைகாட்டியும் இல்லாமல் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நன்ஸ் கிராஸுக்குக் கிழக்கே கிடக்கும் ஃபாக்ஸ் டோர் மயர் போன்ற சதுப்புகளில் பச்சைப் பசேலென்று மென்மையாகத் தெரியும் இடமே கால் புதையும் இடம். வரைபடத்தில் சதுப்புக் குறி தெளிவாக இருக்கிறது, அதைப் படிக்கும் பழக்கம்தான் வேண்டும்.

கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்ற விவரக்குறைவை ஈடுசெய்ய ஒரு வழி இருக்கிறது, அதற்குக் காசும் தேவையில்லை. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டெவன் மாவட்டத்துக்காக வெளியான ஆறங்குல வரைபடங்களை (நிலத்தில் ஒரு மைல், தாளில் ஆறு அங்குலம்) இலவசமாகப் பார்க்கலாம். பழைய தாளையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கும் வசதியும் உண்டு. ஓஎல்28-இன் அளவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரியவை என்பதால் ஒவ்வொரு எல்லைக் கல்லும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதைவிட முக்கியமாக, 1917-இல் வந்த தண்ணீர்க் கற்கள் அவற்றில் இருக்காது. இரண்டையும் ஒப்பிட்டால் எது பழைய கல், எது பிற்சேர்க்கை என்பது வீட்டு மேசையிலேயே பாதி தெளிவாகிவிடும். போகவேண்டிய பகுதியை அச்சிட்டு ஓஎல்28-க்குள் மடித்து வைத்துக்கொள்கிறவர் இந்தத் தேடலில் வேறு எதையும் வாங்க வேண்டியதில்லை.

சின்னக் குழந்தைகளோடு ஒரு பகல் வந்துபோகிற குடும்பத்துக்கு எல்லைத் தேடல் ஏற்றதல்ல. பிரின்ஸ்டவுனிலிருந்து சிலுவை வரை போய்த் திரும்புவது மட்டும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர், வழியில் நிழலோ கடையோ இல்லை. முழுச் சுற்றும் போக விரும்பும் அனுபவசாலிகள் இடையில் கூடாரம் அடித்துத் தங்கவேண்டியிருக்கும். டார்ட்மூரின் பொதுநிலங்களில் அப்படித் தங்கும் உரிமை உண்டு என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் உறுதிசெய்தது. ஆனால் எல்லா இடத்திலும் தங்கலாம் என்று அதற்குப் பொருளல்ல. தேசியப் பூங்கா நிருவாகம் அனுமதிக்கப்பட்ட பகுதிகளைத் தனி வரைபடமாக இணையத்தில் தந்திருக்கிறது, ஓஎல்28-இல் அந்தத் தகவல் கிடையாது. மஞ்சள் நிறச் சாயம் பூசிய நிலம் நடப்பதற்கு உரிமை உள்ள நிலம் மட்டுமே, இரவு தங்குவதற்கான அடையாளம் அல்ல. முதல் முறை போகிறவர்கள் செப்டம்பர் வாக்கில், புதர்ச்செடிகள் வாடத் தொடங்கிய பிறகு போவது நல்லது. கோடையில் மார்பளவு வளரும் பெரணிச் செடிகள் தாழ்வான சரிவுகளில் உள்ள குட்டைக் கற்களை முழுதாக மூடிவிடுகின்றன.